இடது பக்க விளக்கு

இன்று பின்னேரம் மீராசாகிபு நானாவின் வானைச் சரிபண்ணினார்கள். பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிட வேலையை அவர் ஒரு வருடத்துக்கும் மேலாக வேண்டுமென்றே செய்யாமல் வைத்திருந்தார். போன மாதம் அவர் காலமாகிவிட்டார். வானை இனி மருமகன் இர்ஷாத் ஓட்டப்போகிறார். சரிபண்ணாமல் வீதியில் ஏற்ற முடியாது. சரிபண்ணிவிட்டால் என் கணவருக்காகச் சாட்சி சொல்ல அந்த வானும் இல்லை.

நானா முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் பிறந்தவர். தகப்பனுக்கு வயலும் மாடும் இருந்தன. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரும் வடக்கை விட்டுப் போகவேண்டி வந்தபோது அவருக்கு இருபத்தொன்பது வயது. மனைவி பாத்தும்மாவோடும் கைக்குழந்தையோடும் புத்தளத்துக்குப் போய், ஒரு ஓலைக்கொட்டிலில் குடியிருந்தார். வயல் வேலை தெரிந்த மனிதர் அங்கே தென்னந்தோட்டத்தில் அலவாங்குக் கம்பி நட்டுத் தேங்காய் உரித்தார். அந்த வேலையில்தான் காதால் தேங்காய் பார்க்கப் பழகினார். ஒவ்வொன்றையும் காதோரம் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவார். நல்லது ஒரு பக்கம், வற்றியது ஒரு பக்கம், அழுகல் ஒரு பக்கம் என்று கை தன்பாட்டில் பிரிக்கும்.

2004இல் ஒரு பழைய வான் வாங்கினார். இலக்கத்தகட்டில் பழைய காலத்து ஸ்ரீ போட்டது. அப்போதே அதற்கு இருபது வயது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அதில் தேங்காய் ஏற்றினார். யுத்தம் முடிந்து சொந்தக் காணியைப் பார்க்கப் போனபோது அங்கே காடுதான் இருந்தது. வீட்டின் அத்திவாரம்கூட அகப்படவில்லை என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு வவுனியா சாலம்பைக்குளத்தில் குடியேறி, புத்தளத்திலிருந்து தேங்காய் கொண்டுவந்து ஏ-9 வீதிக் கடைகளுக்கெல்லாம் போடத் தொடங்கினார்.

கனகராயன்குளத்தில் முத்துலிங்கம் அண்ணையின் கடைக்குச் செவ்வாய்க்கிழமைகளில் வருவார். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு அந்தக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது வழக்கம்.

“நானா, உந்த வானை மியூசியத்துக்குக் குடுங்கோவன். உங்கடை பேரும் எழுதி வைப்பாங்கள்” என்பார் முத்துலிங்கம் அண்ணை.

“குடுக்கலாம். ஆனா ஸ்டார்ட் பண்ணத் தெரிஞ்ச ஆள் வேணுமெண்டு என்னையும் சேர்த்தெல்லோ கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பாங்கள்.”

ஒருநாள் நான் எடுத்த தேங்காயைக் கையிலிருந்து வாங்கிக் காதோரம் ஆட்டிவிட்டு, “இது வேணாம் புள்ளை. இது பொய் பேசுது” என்று வேறொன்று எடுத்துத் தந்தார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

என் கணவர் கிருசாந்தன் பால் சேகரிப்பவர். காலையும் பின்னேரமும் மாட்டுப் பட்டி பட்டியாகப் போய்ப் பாலை அளந்து வாங்கி, மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கான் கட்டி, கனகராயன்குளத்தில் உள்ள குளிரூட்டும் நிலையத்தில் கொண்டுவந்து கொடுப்பார். கலியாணம் முடித்த புதிதில் எனக்கு ஸ்கூட்டர் பழக்கியதும் அவர்தான். பள்ளிக்கூட மைதானத்தில் பழக்கிவிட்டுப் பெரிய வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முன்னால் ஒரு லொறி போய்க்கொண்டிருந்தது. நான் அதன் பின்னால் பயந்து பயந்து போனேன். லொறி வேகத்தைக் குறைத்து இடது சிக்னலைப் போட்டது.

“அவன் திரும்பப் போறான்போல” என்றேன்.

“விசரி, இந்த இடத்திலை இடப்பக்கம் எங்கை திரும்புறது? காட்டுக்குள்ளையோ? உனக்கு வழி விடுறான். இடது போட்டால் ‘முன்னுக்கு ஒண்டும் வரேல்லை, நீ போ’ எண்டு அர்த்தம். வலது போட்டால் ‘நில், வராதை’ எண்டு அர்த்தம். முறுக்கு, முறுக்கு!”

எங்கள் வீதியில் எல்லோரும் இப்படித்தான். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. சாரதிப் பத்திரம் எடுக்கும் பரீட்சையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஏ-9 இல் ஓடுகிறவர்களுக்கு எழுதப்பட்ட விதிகளை விட இதில்தான் நம்பிக்கை அதிகம். லொறி, பஸ், வான், எதுவானாலும் முன்னால் போகிறவருக்குத்தான் வீதி தெரியும். அவர் விளக்கால் சொல்வார், பின்னால் வருகிறவர் நம்பிப் போவார். தாண்டிப் போகும்போது ஒருதரம் ஹோர்ன் அடித்தால் நன்றி சொன்னது மாதிரி.

2023 மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஆறேகால். நானாவின் வான் வழமையை விடப் பிந்தி, தேங்காய் மூட்டைகளோடு வவுனியாப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊருக்கு அரை மைல் முன்னால் வலது பக்கம் ஒரு மண்வீதி பிரிகிறது. அதற்குள் ஒரு சின்னக் கடைக்கு ஐம்பது தேங்காய் போடவேண்டியிருந்தது. நானா பிரேக்கை மிதித்து, வலது சிக்னல் போட்டு, வலப்பக்கம் திரும்பினார். பின்னால் பால் கான்களோடு வந்த கிருசாந்தன் அதே நேரத்தில் வலப்பக்கத்தால் வானை முந்திக்கொண்டு போனார்.

நான் போனபோது அவரை அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீதியில் பால் இருந்தது. தார் வீதியின் குறுக்காக ஓடிப் போய் மண்ணில் சுவறிக்கொண்டிருந்தது. தேங்காய்கள் உருண்டு கிடந்தன. ஒரு நாய் பாலை நக்க வர, நானா அதைத் துரத்தாமல் பார்த்துக்கொண்டு நின்றார். வவுனியா போய்ச் சேருமுன்பே கிருசாந்தனின் உயிர் போய்விட்டது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் மரண விசாரணை. வானைப் பரிசோதித்த அதிகாரி பிரேக் சரி, முன் விளக்குச் சரி, சிக்னல்கள் நான்கும் சரி என்று எழுதிக் கொடுத்திருந்தார். நானா, வலது சிக்னல் போட்டுத்தான் திரும்பினேன் என்று வாக்குமூலம் கொடுத்தார். பிறகு விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் கேட்டார்.

“உங்கடை மிஸ்டர் வழமையா வேகமா ஓடுறவரோ?”

வட்டக்கச்சியில் என் தாய்வீட்டுக்குப் போகிற வழியில், இரண்டு பக்கமும் வயல் இருக்கிற வெறும் வீதியில், ஒரேயொருதரம் அவர் வேகமாக ஓட்டியிருக்கிறார். அன்று கான் இல்லை. நான்தான் பின்னால் இருந்தேன். முதல் நாள் சண்டை பிடித்த என்னைச் சிரிக்கவைக்கத்தான் ஓட்டினார். நான் கத்திக்கொண்டு சிரித்தேன். விசாரணை அதிகாரி கேட்டபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

“சில நேரம்” என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். முந்திச் செல்ல முற்பட்டவேளை கவனயீனத்தால் நேர்ந்த விபத்து என்று முடிந்தது. இரண்டு மூன்று தவணைக்குப் பிறகு, ஆவணியில், நீதிமன்றமும் நானாவை விடுவித்தது.

ஊரில் எல்லோருக்கும் அது வசதியான முடிவாக இருந்தது. பெடியன் அவசரப்பட்டுவிட்டான். கிருசாந்தனின் தாய், என் மாமி நாகேஸ்வரி, மட்டும் முதல் சில நாட்கள் அதை ஏற்கவில்லை. “என்ரை பிள்ளை ஒரு துளிப் பால் சிந்தவிடமாட்டான். கானைக் கட்டிக்கொண்டு பறக்கேலுமே?” என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டார். பிறகு அவரும் களைத்துப்போனார். மாலையில் மகனின் படத்துக்கு விளக்கு வைக்கும்போது, “என்ன அந்தரம் உனக்கு? எங்கை போய்ப் பிடிக்க ஓடினனி? ஒரு நிமிசம் பொறுத்திருந்தால் என்ன?” என்று ஏசுவார். தினமும் ஏசுவார். நான் ஏசவில்லை. ஆனால் எனக்குள்ளும் அந்தக் கோபம் இருந்தது. இருட்டுகிற நேரத்தில், திரும்புகிற வானை ஏன் முந்தினீர் என்று அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு நானா ஒருதரம் வீட்டுக்கு வந்தார். படலைக்கு வெளியே நின்றார். மாமி கண்டுவிட்டார்.

“என்னத்தைப் பார்க்க வந்தனீர்? இன்னும் ஆரும் மிச்சம் இருக்கினமோ எண்டோ?”

நானா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை அஜந்தனும் பாத்தும்மா லாத்தாவும் சொல்லித்தான் அறிந்தேன். அஜந்தன் ஓமந்தையில் கராஜ் வைத்திருக்கிறவர், வாகனங்களின் வயர் வேலையில் கெட்டிக்காரர். நீதிமன்றம் விடுவித்த அடுத்த நாள் நானா வானை அவரிடம் கொண்டுபோனார்.

“சிக்னலைப் பாருங்கோ தம்பி.”

அஜந்தன் சோதனை பல்பைப் பிடித்து ஒவ்வொரு வயராகப் பார்த்தார். வலது சரி. இடது சரி. பிரேக் லைற் சரி.

“எல்லாம் எரியுது நானா.”

“இன்னொருக்காப் பாருங்கோ.”

அடுத்த மாதமும் வந்தார். பல்ப் நான்கையும் மாற்றச் சொன்னார். சிக்னல் சுவிட்சைக் கழற்றித் துப்புரவாக்கச் சொன்னார். அதற்கு அடுத்த மாதமும் வந்தார். அஜந்தனுக்குப் பொறுமை போய்விட்டது.

“நானா, கேஸ் முடிஞ்சுது. உங்களை விட்டிட்டாங்கள். எரியிற லைற்றைக் கொண்டுவந்து பழுது பிடி பழுது பிடி எண்டால் நான் என்ன செய்ய? உங்களுக்கு நீங்களே ஏன் கிடங்கு வெட்டுறியள்?”

“வெட்டிப் பார்ப்பம் தம்பி. அதுக்குள்ள ஆர் கிடக்கிறது எண்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.”

வீட்டில் பாத்தும்மா லாத்தாவும் கேட்டிருக்கிறார். நானா சாப்பிடும்போதுகூட விரலால் பாயில் தட்டிக்கொண்டிருப்பாராம். டிக். டிக். “என்ன இது, பல்லி மாதிரி?” என்று லாத்தா கேட்டதற்கு, “அண்டைக்கு இப்பிடிக் கேக்கேல்ல. இழுத்து இழுத்துக் கேட்டது” என்றாராம்.

சிக்னல் போட்டால் வானுக்குள் ஒரு டிக் டிக் சத்தம் கேட்கும். நானாவுக்கு அந்தச் சத்தத்தில்தான் சந்தேகம். விபத்து நடந்த அன்று அது வழமையை விட மெதுவாக, நோயாளியின் மூச்சு மாதிரி வந்தது. அதற்கு முன்பும் சில நாட்கள் அப்படி வந்திருக்கிறது. அப்போதெல்லாம் அவர் ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் கையால் ஒரு தட்டுத் தட்டுவார். கடைசிக் கடையில் சரக்கு இறக்கி முடித்துத் திரும்பி வரும்போது சத்தம் சரியாகியிருக்கும். தன் தட்டுக்குத்தான் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்த வருடம் பங்குனி மாதம் ஒருநாள், சரக்கு இறக்கின பிறகுதான் சரியாகிறது என்பது அவருக்குப் பட்டது. பரிசோதகர் பார்த்தபோது வான் வெறும் வான். அஜந்தன் பார்த்தபோதும் வெறும் வான். அடுத்த நாளே, விபத்தன்று ஏற்றின அதே அளவு தேங்காயை ஏற்றிக்கொண்டு ஓமந்தைக்குப் போனார்.

“இப்பப் பாருங்கோ. ஒவ்வொண்டாப் பார்க்க வேணாம். அண்டைக்கு நான் செய்தது எல்லாத்தையும் ஒண்டாச் செய்யிறன். பின் லைற் எரியுது. பிரேக்கை மிதிக்கிறன். வலது சிக்னல் போடுறன். நீங்க பின்னால போய் நிண்டு பாருங்கோ.”

அஜந்தன் போய்ப் பார்த்தார்.

“நானா.”

“சொல்லுங்கோ.”

“எந்தச் சிக்னல் போட்டிருக்கிறியள்?”

“வலது.”

“இஞ்சை இடதெல்லோ எரியுது.”

விடயம் இதுதான். பின்பக்கத்து விளக்குகள் எல்லாவற்றையும் எரித்து முடித்த மின்சாரம் ஒரேயொரு வயர் வழியாக வானின் உடம்புக்குப் போய்ச் சேரவேண்டும். எர்த் வயர் என்பார்கள். அந்த வயரை வானின் அடியில் ஒரு போல்ட்டால் இறுக்கியிருந்தது. போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்துபோயிருந்தது. வெறும் வானில் அது பட்டும் படாமல் பட்டுக்கொண்டு நிற்கும். பாரம் ஏற்றித் தளம் தாழ்ந்தால் விட்டுவிடும். போக வழி இல்லாத மின்சாரம் இடது சிக்னல் பல்ப் வழியாகப் புகுந்து வேறு பாதை தேடிக்கொள்ளும். உள்ளே நானாவுக்கு முன்னால் அம்புக்குறி வலப்பக்கம்தான் மின்னும். பின்னால் வருகிறவருக்கு இடது விளக்குத் தெரியும்.

அஜந்தன் அப்போதே அதை இறுக்கப் போயிருக்கிறார். நானா கையைப் பிடித்துக்கொண்டாராம். “தொடாதீங்கோ. அந்தப் புள்ளைக்குக் காட்டவேணும்.”

அவர் இரண்டாவது முறை எங்கள் படலைக்கு வந்தபோது சித்திரை விடுமுறை. மாமி கோயிலுக்குப் போயிருந்தார். நான் கதிரை எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“புள்ளை, ரெண்டு விசயம் சொல்லவேணும். முதலாவதைச் சொன்னால் ரெண்டாவதைக் கேக்காமல் என்னைத் துரத்திப்போடுவாய். அதால ரெண்டாவதை முதல்ல சொல்றன்.”

விளக்கைப் பற்றிச் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் விடாமல் சொன்னார். சத்தம் மாறினதைத் தான் கேட்டதையும் தட்டிவிட்டதையும் சொன்னார்.

“ஆயிரம் தேங்காய்க்குள்ள ஒரு அழுகலைக் காதால பிடிக்கிறவன் நான். என்ர வான் பழுதெண்டு என்ர காதுக்குச் சொன்னது. நான் அடிச்சு அதின்ர வாயை மூடினனான்.”

“முதலாவது என்ன?” என்று கேட்டேன்.

“அண்டைக்கு அந்தப் பொடியன்ர தலையைத் தூக்கி என்ர மடியில வச்சிருந்தன். அவர் என்னைப் பார்த்து, ‘நீங்கள் வழி விட்டனீங்கள்தானே நானா’ எண்டு கேட்டவர். ரெண்டு தரம் கேட்டவர். நான் இடது போடேல்ல, அதால வேதனையில ஏதோ கதைக்கிறார் எண்டு நினைச்சன். விசாரணையில நான் அதைச் சொல்லேல்ல. சொன்னால் என்னைப் பிடிச்சு வச்சிடுவாங்கள் எண்டு பயம். இப்பதான் வந்து ஊர் பிடிச்ச ஆக்கள் நாங்கள், பிரச்சினையாப் போயிடும் எண்டும் பயம். பிறகு நீ ‘சில நேரம்’ எண்டு சொன்னாய். அப்ப எனக்கு மூச்சு வந்தது. புள்ளை, ஒரு மனுசி தாலி அறுந்து நிண்டு சொன்ன சொல்லில எனக்கு மூச்சு வந்தது.”

அவர் அழவில்லை. தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். ‘நீங்கள் வழி விட்டனீங்கள்தானே.’ அந்தக் குரல் எனக்குக் கேட்டது. முத்துலிங்கம் அண்ணையோடு கணக்குப் பார்க்கும்போதும், மாமியோடு வாதாடும்போதும் அவர் ‘தானே’ என்றுதான் முடிப்பார். இதை நானா கற்பனை பண்ணிச் சொல்லியிருக்க முடியாது.

“எனக்குப் பார்க்கவேணும்” என்றேன்.

“கராஜில நிக்குது. வா, காட்டுறன்.”

“நிக்கிற வானைப் பார்த்து என்ன செய்ய? நீங்கள் ஓட்டுங்கோ. நான் ஸ்கூட்டரிலை பின்னாலை வாறன்.”

அவர் மறுத்தார். நான் விடவில்லை. கடைசியில் ஏ-9 வேண்டாம், குளக்கட்டுக்குக் கீழே போகிற வீதியில் என்றால் சரி என்றார். அடுத்த நாள் மாலை அதே ஆறேகாலுக்கு, அதே பாரத்தோடு வந்தார். அஜந்தன் அவரோடு முன்னால் இருந்தார்.

நான் பின்னால் போனேன். எனக்கு எல்லாம் தெரியும். அந்த வான் எதைக் காட்டப்போகிறது, அது பொய், அவர் வலப்பக்கம் திரும்பப்போகிறார் என்பதெல்லாம் தெரியும். பிரேக் விளக்கு மங்கலாக எரிந்தது. வலது பக்க விளக்கு சாம்பலுக்குள் கிடக்கும் தணல் மாதிரி ஒருதரம் தெரிந்து மறைந்தது. இடது பக்க விளக்கு கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து எரிந்தது. இருட்டுகிற நேரத்தில் அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. நீ போ, நீ போ என்றது.

என் வலது கை முறுக்கிவிட்டது.

ஒரு விநாடிதான். ஸ்கூட்டர் முன்னுக்குப் பாய்ந்தது. வானின் பக்கவாட்டுத் தகடு முழங்காலுக்குக் கிட்டத் தெரிந்தபிறகுதான் பிரேக்கை அமத்தினேன். நானா திரும்பவில்லை. திரும்புவது மாதிரி நின்றுவிட்டார். கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

“என்ன புள்ளை செய்தாய்?”

“முறுக்கினன் நானா. தெரிஞ்சுகொண்டும் முறுக்கினன்.”

அவர் வீதியோரத்தில் குந்தி இருந்தார். நானும் இருந்தேன். பதினான்கு மாதங்களாகக் கிருசாந்தனிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அந்த இடத்தில் விட்டேன். கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை.

மாமிக்கு நானே சொன்னேன். சந்தோசப்படுவார் என்றுதான் நினைத்தேன். மகனில் பிழை இல்லை என்று தொடக்கத்தில் சொன்னவர் அவர் ஒருவர்தானே. அன்று விளக்கு வைக்கும்போது அவர் ஏசவில்லை. திரியைத் தூண்டிவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவ்வளவு நாளும் ஏசிக்கொண்டாவது இருந்தனான். இனி நான் என்ன சொல்லி இவனோடை கதைக்கிறது?” என்றார்.

நானா பொலிஸுக்குப் போனார். தன் வானில்தான் பிழை, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். முடிந்த வழக்கு, வீட்டுக்குப் போங்கள் ஐயா என்று அனுப்பிவிட்டார்கள். மரண விசாரணை அதிகாரியையும் தேடிப்போனார். அவர் இளைப்பாறி ஊரோடு போய்விட்டார். கோப்பில் என்னுடைய ‘சில நேரம்’ அப்படியே இருக்கிறது.

எழுத்தில் முடியாததை அவர் வாயால் செய்தார். பழுதைக் கண்டுபிடித்தபிறகு அந்த வானை அவர் வியாபாரத்துக்கு ஓட்டவில்லை. பஸ்ஸில் ஏறி, தான் தேங்காய் போட்ட கடைகள் இருக்கிற ஒவ்வொரு ஊரிலும் இறங்கினார். ஒரு நாளைக்கு இரண்டு கடை, மூன்று கடை. ஓமந்தையில் தொடங்கி ஸ்கந்தபுரம் வரைக்கும் போனார். முத்துலிங்கம் அண்ணையின் கடைக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

“முத்துலிங்கம், அந்தப் பால்காரப் பொடியனில பிழை இல்ல. என்ர வான் இடது லைற் போட்டு அவரைக் கூப்பிட்டது. பிழை என்னில. கடைக்கு வாற ஆக்களுக்கும் சொல்லுங்கோ.”

அண்ணை பகிடி ஏதும் விடவில்லை. ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். எல்லாக் கடையிலும் அப்படி நடக்கவில்லை. சிலர் இனி அவரிடம் தேங்காய் வாங்குவதில்லை என்றுவிட்டார்கள். புளியங்குளத்தில் ஒருவர், “அப்ப இவ்வளவு நாளும் பொய் சொல்லித் திரிஞ்சனீரோ?” என்று சட்டையைப் பிடித்துவிட்டாராம். நானா, “ஓம்” என்றாராம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் ஊர்க் கதை மாறியது. பால் நிலையத்தில் நிற்கிறவர்கள் என்னைக் கண்டால், “ரீச்சர், அவர் பாவம், அவரில பிழை இல்லையாமே” என்றார்கள். நான் தலையை ஆட்டுவேன். அவரில் பிழை இல்லை என்பதை ஊர் எனக்குச் சொல்கிற நிலைமையில் நான் இருந்தேன்.

வான் சாலம்பைக்குளத்தில் அவர் வீட்டு முற்றத்தில் நின்றது. “சரிபண்ணினால் பிறகு ஆருக்கும் காட்டேலாது” என்பாராம். சந்தேகப்பட்டு வருகிறவர்களுக்கு மூட்டை ஏற்றிக் காட்டுவார். முதலில் சிலர் வந்தார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை.

போன மாதம் வெள்ளிக்கிழமை, விடியத் தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லை. நானும் மாமியும் போனோம். மாமிதான் போகவேணும் என்றார். பாத்தும்மா லாத்தாவுக்குப் பக்கத்தில் பாயில் இருந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

கடந்த ஞாயிறு இர்ஷாத் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், சொல்ல வந்ததைச் சொல்ல வெகுநேரம் எடுத்தார்.

“அக்கா, வானை ஓட்டலாம் எண்டு நினைக்கிறன். வேற வழி இல்ல. மாமா சொல்லிவச்சவர், அந்த எர்த்தைத் தொடுறதெண்டால் உங்களைக் கேட்டுத்தான் தொடவேணும் எண்டு. நீங்க வேணாம் எண்டால் நான் தொடமாட்டன்.”

நான் மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்க்கவில்லை.

“சரிபண்ணுங்கோ” என்றேன். “பின்னாலை ஆரும் வருவினம்.”

இன்று பின்னேரம் ஓமந்தைக்குப் போனேன். இர்ஷாத் பாரம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பாரம் இல்லாமல் பார்த்தால் சரியானது தெரியாது என்று அஜந்தன் சொல்லியிருந்தார். அவர் சாக்கை விரித்து வானுக்கு அடியில் போகப் பார்த்தார்.

“ஒருக்காக் காட்டிப்போட்டுக் கழற்றுங்கோ” என்றேன்.

இர்ஷாத் உள்ளே ஏறினார். நான் பின்னால் போய் நின்றேன். பிரேக். வலது சிக்னல். உள்ளே அந்தச் சத்தம் இழுத்து இழுத்து வந்தது. இடது விளக்கு கூடிக் குறைந்து எரிந்தது. கிருசாந்தன் கடைசியாகப் பார்த்து நம்பியது இதைத்தான். நான் அவர் நின்றிருக்கக்கூடிய தூரத்துக்குப் பின்வாங்கி நின்று பார்த்தேன்.

“போதுமோ அக்கா? பற்றரி இறங்குது” என்றார் அஜந்தன்.

“இன்னும் கொஞ்சம்.”

அவர்கள் இரண்டு பேரும் பொறுத்திருந்தார்கள். பிறகு நான் தலையை ஆட்டினேன். அஜந்தன் அடியில் போய் அந்தப் போல்ட்டைக் கழற்றினார். கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். புது போல்ட் போட்டு முறுக்கினார். துருப் பொடி சாக்கில் சிவப்பாகக் கொட்டியிருந்தது.

“இர்ஷாத், இப்ப மிதியுங்கோ. வலது போடுங்கோ.”

உள்ளே டிக் டிக் என்று ஒழுங்காகக் கேட்டது. வலது விளக்கு பளிச்சென்று மின்னியது. நான் இடது பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் கண்ணாடிக்குள் ஒன்றும் இல்லை.

“இப்பச் சரிதானே அக்கா?” என்று இர்ஷாத் உள்ளேயிருந்து கேட்டார்.

“ஓம்” என்றேன். “சரி.”